ஜெயில் சண்டைப் படங்கள்: அரைத்த மாவுதான், ஆனாலும் ஏன் எழுந்து போக முடியவில்லை?

தேவா_மெரபேங்க்

எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை டர்பனில் நல்ல மழை. பேரன்கள் இரண்டு பேரோடு உட்கார்ந்து ஒரு ஜெயில் படம் பார்த்தேன். படம் ஆரம்பித்துப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை, சின்னவன் (வயது பதினொன்று) சொன்னான்: "தாத்தா, அந்தக் கண்ணாடி போட்ட பெரியவர் செத்துப்போயிடுவார்." அதேபோல் அவர் செத்துப்போனார். கதாநாயகன் நிரபராதி என்பதும், ஜெயிலர் பணம் தின்கிறவர் என்பதும், சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு பறக்கும் என்பதும், தனிக்கொட்டடியில் போட்டுப் பூட்டுவார்கள் என்பதும், கடைசியில் கலவரம் வெடிக்கும் என்பதும் அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்தும் மூன்று பேரில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. சமோசா ஆறிப்போனது.

அன்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் இந்த வகைப் படங்களை நாற்பது வருடமாகப் பார்க்கிறேன். நம் தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சியே 1976இல்தான் வந்தது. அடுத்த பத்து வருடத்துக்குள் வீடியோ கேசட் வந்துவிட்டது. சாட்ஸ்வொர்த்தில் என் சித்தப்பா வீட்டு கராஜில் வெள்ளிக்கிழமை ராத்திரி இருபது பேர் கூடுவோம். பாதிப்பேர் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். படத்தில் சீருடை போட்ட அந்தக் கொடுமைக்காரன் கீழே விழும்போது எழுகிற சத்தத்தில் தகரக் கூரை அதிரும். அந்தச் சத்தம் வெறும் படத்துக்காக எழுந்தது அல்ல. அந்த நிறவெறி ஆட்சிக் காலத்தில் ஜீப்பில் வந்து எங்கள் தெருவில் இறங்கிய போலீஸ்காரர்களும் அதே மாதிரிச் சீருடைதான் போட்டிருந்தார்கள். நிஜத்தில் அவர்கள் விழுந்து நாங்கள் பார்த்ததில்லை. திரையில் பார்த்தோம்.

அதனால் இந்தப் படங்களை மட்டமாகப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் இப்போது பார்க்கும்போது ஒரு குறை கண்ணை உறுத்துகிறது. இந்தப் படங்களில் ஜெயில் இருக்கிறது, காலம் இல்லை. பன்னிரண்டு வருடத் தண்டனை என்கிறார்கள், ஒரு தாடி வளர்வதற்குள் முடிந்துவிடுகிறது. ஜெயிலின் தண்டனையே காலம்தானே? அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் காட்டுகிறார்கள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ரவி_வெருலம்

தேவா அங்கிள், கராஜ் கதை அருமை. ஆனால் குறை என்று சொன்னீர்களே, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் கிடங்கில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறேன். பெட்டி ஏற்றி இறக்கி வீட்டுக்கு வந்தால் காலம் எப்படி நகராமல் நிற்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நேரத்தில் எனக்கு வேண்டியது அடி வாங்கினவன் திருப்பி அடிக்கிற ஒன்றரை மணி நேரம். தெரிந்த கதை என்பதே அதில் ஒரு சுகம். கோயில் திருவிழாவில் தெருக்கூத்து பார்க்கிறோம், திரௌபதிக்கு என்ன ஆகும் என்று தெரியாமலா பார்க்கிறோம்?

ஸ்டாலோன் 1989இல் 'லாக் அப்' என்று ஒரு ஜெயில் படம் நடித்தார். தண்டனை முடியக் கொஞ்ச காலம்தான் பாக்கி, பழைய பகையை மனதில் வைத்து ஜெயிலர் அவரைத் தன்னுடைய சிறைக்கு இழுத்துக்கொள்கிறார். 24 வருடம் கழித்து, 2013இல் 'எஸ்கேப் பிளான்'. அதில் அவருக்கு வேலையே ஜெயில்களிலிருந்து தப்பித்துக் காட்டி எங்கே ஓட்டை என்று சொல்வது. இரண்டுக்கும் சுவர் ஒன்றுதான், கம்பி ஒன்றுதான். நான் இரண்டையும் பார்த்தேன், இரண்டும் பிடித்தது.

கோபி_சிலம்பம்

டர்பன் பக்கம் பீனிக்ஸில் பிள்ளைகளுக்குச் சிலம்பமும் கராத்தேயும் சொல்லித்தருகிறேன். சண்டையைப் பற்றி மட்டும் பேசுகிறேன், மற்றதற்குப் பெரியவர்கள் இருக்கிறீர்கள்.

சண்டை அமைக்கிறவருக்கு ஜெயிலை விட நல்ல இடம் கிடையாது. முதல் காரணம், துப்பாக்கி இல்லை. வெளியே நடக்கிற கதையில் 'ஏன் சுட்டுத்தள்ளாமல் கை நீட்டுகிறான்' என்ற கேள்வி வரும். உள்ளே அந்தக் கேள்வி எழாது. அப்புறம், நடைபாதை குறுகல். ஒருவனைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றாலும் இரண்டு பேர்தான் ஒரே நேரத்தில் நெருங்க முடியும். திறந்த வெளியில் மற்ற பதின்மூன்று பேரும் முறை வரும்வரை கையை ஆட்டிக்கொண்டு காத்திருப்பது நம் கண்ணில் பட்டுவிடும். நடைபாதையில் அவர்கள் காத்திருப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. கையில் கிடைப்பதும் தட்டு, துடைப்பம், பூட்டை உள்ளே போட்டுச் சுழற்றும் காலுறை, இவ்வளவுதான். பொருள் குறையக் குறைய சண்டை அமைப்பவரின் மூளை வேலை செய்யும்.

குறை எங்கே என்றால், அடி உடம்பில் தங்குவதில்லை. விலா எலும்பு முறிந்தவன் மறுநாள் காலை தண்டால் எடுக்கிறான். என் மாணவன் ஒருவன் சுண்டுவிரல் முறிந்து ஆறு வாரம் கம்பு பிடிக்கவில்லை. சுண்டுவிரலுக்கே அந்தக் கதி.

இதில் ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். 'அன்டிஸ்ப்யூட்டட்' வரிசையில் இரண்டாவது படத்தில் (2006) வில்லனாக வந்த போய்கா, மூன்றாவதில் (2010) கதாநாயகன். இரண்டாம் படத்தின் முடிவில் அவன் முழங்கால் முறிக்கப்படுகிறது. மூன்றாம் படம் தொடங்கும்போது அவன் நொண்டிக்கொண்டு கழிவறை கழுவுகிறான். அந்த முழங்கால் கடைசிச் சண்டைவரை அவனோடு வருகிறது. எதிராளிக்கும் அந்தக் கால் தெரியும், நமக்கும் தெரியும். ஒவ்வொரு உதையின்போதும் என் கால் கூசியது. அவ்வளவும் அதே பழைய ஃபார்முலாதான்: பந்தயம், ஊழல் ஜெயிலர், கடைசிச் சண்டை. ஒரு காயத்தை மறக்காமல் வைத்திருந்தார்கள், அதற்கே படம் எவ்வளவு உயர்ந்துவிட்டது பாருங்கள்.

ஓய்வுபெற்ற_வார்டர்

வணக்கம். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சிறைத்துறையில் 27 வருடம் வேலை பார்த்தவன் நான். எந்த ஜெயில் என்று சொல்லவில்லை.

படத்தில் வார்டர் என்றால் தடியைச் சுழற்றுகிறவன், அல்லது லஞ்சம் வாங்குகிறவன். அப்படிப்பட்டவர்களோடும் வேலை செய்திருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் என் நாளின் பெரும்பகுதி எதில் போனது தெரியுமா? எண்ணிக்கையில். காலையில் தலை எண்ணு, சாப்பாட்டுக்கு முன் எண்ணு, பட்டறையிலிருந்து திரும்பினால் எண்ணு, பூட்டுவதற்கு முன் எண்ணு. ஒரு தலை குறைந்தால் எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பெரும்பாலும் அந்த ஒருவன் மருத்துவ அறையில் இருப்பான், சீட்டு வந்திருக்காது. அந்த இருபது நிமிடம் வயிற்றில் ஏற்படுகிற பயத்தை எந்தப் படத்திலும் நான் பார்க்கவில்லை.

அடுத்தது, இங்கே பல ஜெயில்களில் பிற்பகலிலேயே கொட்டடியைப் பூட்டிவிடுவார்கள். ராத்திரிச் சாப்பாடும் அதற்கு முன்பே கொடுத்தாகிவிடும். வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருக்கும், உள்ளே அவர்களுக்கு நாள் முடிந்துவிடும். மறுநாள் காலைவரை நெருக்கியடித்துப் படுத்துக் கிடக்க வேண்டும். படத்தில் முற்றமும் உடற்பயிற்சியும் சாப்பாட்டுக் கூடமும்தான் ஜெயில். நிஜத்தில் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் அந்த நீண்ட நேரம்தான் ஜெயில். நம் ஊர்ச் சிறைகளில் 26, 27, 28 என்ற கும்பல்கள் ஆளுவதும் அந்த நேரத்தில்தான். அவர்களுக்கென்று சட்டம், பதவி, தனிப் பேச்சு எல்லாம் உண்டு. தலைமுறை தலைமுறையாக வாய்வழியாகவே அது வந்திருக்கிறது. அமெரிக்கப் படத்தில் வருவதுபோல் முகத்தில் பச்சை குத்தினவன் முறைத்தான் என்று முடித்துவிடுகிற விஷயம் இல்லை அது.

தேவா அண்ணா காலம் இல்லை என்றார். சரியாகச் சொன்னார்.

தேவா_மெரபேங்க்

வார்டர் ஐயா, எழுதியதற்கு நன்றி. பூட்டு என்றதும் எனக்கு நம் நாட்டிலேயே நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. இதைச் சொன்னால் நான் என்ன தேடுகிறேன் என்று ரவிக்கும் புரியும்.

1978இல் டிம் ஜென்கின், ஸ்டீபன் லீ என்ற இரண்டு வெள்ளைக்கார இளைஞர்களை அரசுக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் பரப்பினதற்காகப் பிரிட்டோரியா ஜெயிலில் போட்டார்கள். ஒருவருக்கு 12 வருடம், மற்றவருக்கு 8. ஜென்கின் வார்டரின் இடுப்பில் தொங்கும் சாவியைக் கண்ணாலேயே அளவெடுத்தார். ஜெயில் பட்டறையிலேயே மரத்தில் சாவி செதுக்கினார். மரச்சாவி! முதலில் தன் கொட்டடியின் உள்கதவு. அதற்கு வெளியே இன்னொரு இரும்புக் கதவு, அதன் பூட்டு வெளிப்பக்கத்தில்தான் இருக்கிறது. துடைப்பக் கட்டையில் ஒரு திருகு பொறியைக் கட்டி, ஜன்னல் வழியாக நீட்டி, வெளியே இருக்கும் பூட்டில் சாவியை நுழைத்துத் திருப்பினார். இப்படியே ஒரு கதவு, அடுத்த கதவு என்று இரவுகளில் ஒத்திகை பார்த்து வைத்தார்கள். 1979 டிசம்பர் 11 அன்று, அலெக்ஸ் மூம்பாரிஸ் என்பவரையும் சேர்த்து மூன்று பேராக வெளியே நடந்தார்கள். கடைசிக் கதவுக்கு மட்டும் எந்தச் சாவியும் சேரவில்லை. அதைப் பெயர்த்துத்தான் திறந்தார்கள். யாரையும் அடிக்கவில்லை. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை.

திட்டமும் தயாரிப்பும் ஏறக்குறைய ஒன்றரை வருடம். மரத்தைக் கொஞ்சம் இழைத்து, பூட்டில் போட்டுப் பார்த்து, எங்கே உராய்கிறதோ அங்கே இன்னும் கொஞ்சம் இழைத்து, மறுபடி போட்டுப் பார்த்து. உள்ளே முறிந்தால் எல்லாம் போச்சு. இதில் இருக்கும் படபடப்பு நூறு பேர் அடித்துக்கொள்ளும் கலவரத்தில் உண்டா?

இன்னொருவரும் இந்தக் கதையில் இருக்கிறார். டெனிஸ் கோல்ட்பர்க், ஆயுள் தண்டனைக் கைதி. அவர் தப்பவில்லை. அந்த ராத்திரிக் காவலரைக் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுத்து வைத்துக்கொண்டார், மற்றவர்கள் நழுவினார்கள். அதற்குப் பிறகும் 1985வரை உள்ளேயே இருந்தார். மொத்தம் 22 வருடம். ஃபார்முலாப் படத்தில் இப்படிப்பட்டவர் நாயகனின் மடியில் தலைவைத்துச் செத்துப்போவார். நிஜத்தில் அவர் மறுநாள் காலை எழுந்து எண்ணிக்கைக்கு நின்றிருப்பார். எது கனமானது?

இது 2020இல் படமாகவும் வந்தது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் எடுத்தார்கள். சாவிக் காட்சிகள் வரும்போதெல்லாம் நான் மூச்சுவிடவில்லை.

ரவி_வெருலம்

அங்கிள், நேற்று ஷிப்ட் முடிந்து அதைப் பார்த்தேன். சாவி தரையில் விழுகிற இடத்தில் நானும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது வேறு வகை. அதில் பூட்டு பேசுகிறது, நான் சொல்வதில் கை பேசுகிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை ஏன் குறைக்க வேண்டும்? கோபி அண்ணன் சொன்ன முழங்கால் எனக்குப் போதும்.

கமலா_லெனேசியா

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். ஜோஹன்னஸ்பர்க்கில் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். வருடாவருடம் பிள்ளைகளைப் பழைய கோட்டைச் சிறைக்கு அழைத்துப்போவேன். இப்போது அது அரசியலமைப்பு நீதிமன்றம் இருக்கும் வளாகம். விசாரணைக் கைதிகளை அடைத்துவைத்த கட்டடத்தை இடித்து, அந்தச் செங்கல்லையே நீதிமன்றத்தில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். 2004இல் திறந்தார்கள்.

நான் பேச வந்தது எல்லாப் படத்திலும் வரும் ஒரு காட்சியைப் பற்றி. கைதி உள்ளே நுழைந்ததும் துணியைக் களையச் சொல்வார்கள். படத்தில் அது நாயகனின் மார்பையும் தழும்பையும் காட்டுவதற்கான இடம். கேமரா கீழிருந்து மேலே போகும், பின்னால் டிரம் அடிக்கும். பழைய கோட்டையில் 'டௌசா' என்று ஒன்று இருந்தது. கறுப்பினக் கைதிகள் வேலைக்குப் போய்த் திரும்பும்போது முற்றத்தில் நிர்வாணமாகக் குதித்து, கையைத் தட்டி, வாயைத் திறந்து, திரும்பிக் குனிந்து எதையும் ஒளிக்கவில்லை என்று காட்ட வேண்டும். 1954இல் 'டிரம்' பத்திரிகையின் பாப் கோசானி பக்கத்திலிருந்த செவிலியர் விடுதிக் கூரையில் ஏறி அதைப் படம் பிடித்தார். ஒரே ஒரு புகைப்படம். அதில் தசை இல்லை, வீரம் இல்லை. ஒரு மனிதனை என்ன செய்தார்கள் என்பது மட்டும் இருக்கிறது. என் மாணவர்கள் அதன் முன்னால் நின்று பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

ஜெயில் என்றாலே ஆண்கள் என்று இந்தப் படங்கள் முடிவு செய்துவிட்டன. அதுவும் எனக்கு வலிக்கிறது. நம்முடைய ஜெயில் கதை ஒரு பெண் பிள்ளையிடமிருந்தல்லவா தொடங்குகிறது? தில்லையாடி வள்ளியம்மை இதே ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்தவள். 1913 சத்தியாக்கிரகத்தில் மூன்று மாதம் கடுங்காவல் பெற்று மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போனாள். காய்ச்சலோடு வெளியே வந்தாள். 1914 பிப்ரவரி 22, பதினாறு வயதில் போய்விட்டாள். பிராம்ஃபொன்டெய்ன் இடுகாட்டில் இருக்கிறாள். அவள் யாரையும் அடிக்கவில்லை, எந்தச் சுவரையும் தாண்டவில்லை. முன்னதாகவே விடுதலை தருகிறோம் என்றபோதும் வேண்டாம் என்றாள். இதை ஃபார்முலாவில் எங்கே வைப்பீர்கள்?

தமிழில் 'விருமாண்டி' (2004) கொஞ்சம் முயன்றது. கலவரமும் உண்டு, ரத்தமும் உண்டு, ஆனால் மரண தண்டனை பற்றிக் கைதிகள் உட்கார்ந்து பேசுவதைக் கேட்க ஒரு பெண் கேமராவோடு உள்ளே வருகிறாள். ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். கைதிக்கு வாய் உண்டு என்பதை அந்தப் படம் ஏற்றுக்கொண்டது.

செல்வி_பீனிக்ஸ்

கமலா அக்கா எழுதியதைப் படித்து அழுதேன். நான் வேறொன்று சொல்ல வேண்டும்.

என் தம்பி நான்கு வருடம் உள்ளே இருந்தான். அவன் நிரபராதி இல்லை. செய்தான். அதை அவனே சொன்னான்.

இந்தப் படங்களில் நாயகன் எப்போதும் செய்யாத குற்றத்துக்கு உள்ளே போகிறான், அல்லது போலீஸ்காரன் வேஷம் போட்டுப் போகிறான். அப்போதுதான் நாம் அவன் பக்கம் நிற்க முடியும் என்று நினைக்கிறார்கள். அப்படியென்றால் உண்மையாகவே தப்பு செய்தவனை அடித்தால் பரவாயில்லையா? பின்னால் நிற்கும் மற்ற இருநூறு பேருக்கும் பெயர் கிடையாது, வீடு கிடையாது. நாயகன் அவர்களைத் தூக்கி எறியும்போது நாம் கை தட்டுகிறோம். அந்த இருநூறு பேரில் ஒருவன் என் தம்பி.

பார்வையாளர் நாள் என்று ஒன்றை எந்தச் சண்டைப் படமும் சரியாகக் காட்டியதில்லை. விடிவதற்கு முன் எழுந்து இரண்டு டாக்சி மாறிப் போவோம். வரிசையில் அம்மா நிற்பாள், அவளுக்கு மூட்டுவலி. ஒரு நாள் வாசலில் இருந்தவர் ஒரு தாள் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். தம்பி அந்தப் பக்கம் காத்திருந்திருக்கிறான், நாங்கள் வரவில்லை என்று நினைத்திருக்கிறான். அடுத்த தடவை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து முதலில் கேட்டது, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" கண்ணாடியில் அம்மா நெற்றியை வைத்த இடத்தில் விபூதி ஒட்டியிருந்தது. நேரம் முடிந்தது என்றபோது அவன் அந்த இடத்தைத் தொட்டுவிட்டு எழுந்து போனான்.

ரவி தம்பி, நீ பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என் தம்பியே உள்ளே இருந்தபோது இந்த மாதிரிப் படங்களை ஆசையாகப் பார்த்தானாம். கொட்டடியில் இருந்த எல்லோரும் பார்த்தார்களாம். ஜெயிலர் அடி வாங்கும்போது விசில் அடித்தார்களாம்.

ஓய்வுபெற்ற_வார்டர்

செல்வி அம்மா சொல்வது உண்மை. டிவியில் அப்படிப் படம் ஓடினால் நாங்கள் நிறுத்துவதில்லை. அந்த ராத்திரிகளில் கொட்டடியில் சண்டை குறைவாக இருக்கும். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

வாசலில் திருப்பி அனுப்புகிற அந்த வேலையை நானும் செய்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அம்மா.

கோபி_சிலம்பம்

நிறவெறி ஆட்சி ரோபன் தீவுச் சிறையில் அடைத்துவைத்த அரசியல் கைதிகள் கால்பந்து விளையாட அனுமதி கேட்டதைப் பற்றி என் மாணவர்களுக்குச் சொல்வேன். மறுத்தார்கள். மறுபடி கேட்டார்கள். வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினார்கள். அப்புறம் மக்கானா கால்பந்துச் சங்கம் என்று ஆரம்பித்து, ஃபிஃபா விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, நடுவர், புகார்க் கடிதம், மேல்முறையீடு என்று முறையாக நடத்தினார்கள். 2007இல் ஃபிஃபா அந்தச் சங்கத்துக்குக் கௌரவ உறுப்பினர் தகுதி கொடுத்தது.

சண்டைப் படக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஜெயிலுக்குள் ஒருவனுடைய உடம்பு அவனுக்குச் சொந்தமில்லை. உண்ணுவது, குளிப்பது, தூங்குவது எல்லாம் அடுத்தவன் சொல்லும் நேரத்தில். ஆட்டத்திலோ சண்டையிலோ அது கொஞ்ச நேரம் அவனுக்குத் திரும்பக் கிடைக்கிறது. நல்ல ஜெயில் சண்டைக் காட்சி என்னை ஏன் பிடித்து உட்காரவைக்கிறது என்று கேட்டால், இதுதான் காரணம். மட்டமான படத்தில் நாயகனுக்கு உள்ளே வரும்போதே உடம்பு முழுவதும் அவனுடையதாகவே இருக்கிறது, பறிபோகவே இல்லை. அப்புறம் எதைத் திரும்பப் பெறுவான்?

ரவி_வெருலம்

செல்வி அக்கா, இனிமேல் பின்னால் நிற்கும் அந்த இருநூறு பேரைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று நினைக்கிறேன். படத்தை விடமாட்டேன். ஆனால் பார்ப்பேன்.

தேவா_மெரபேங்க்

ரெண்டு நாளாக ஊரில் இல்லை. வந்ததும் எல்லாவற்றையும் வாசித்தேன். செல்விக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை அம்மா. கராஜில் நாங்கள் கத்தினபோது கீழே விழுந்துகொண்டிருந்த மற்றவர்களை நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

சின்னவனிடம் மரச்சாவிக் கதையைச் சொன்னேன். அவன் முதலில் கேட்டது, "தப்பாமல் இருந்த தாத்தா அப்புறம் என்ன ஆனார்?" சொன்னேன். அப்புறம் ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை எடுத்து, பின்பக்கக் கேட்டில் தொங்கும் பூட்டின் சாவியைப் பார்த்துப் பார்த்து ஒரு மத்தியானம் முழுக்கச் செதுக்கினான். சாவியைக் கையில் தரவில்லை, என் இடுப்பில் தொங்கவிட்டுத் தூரத்திலிருந்துதான் பார்க்க வேண்டும் என்று அவனே சட்டம் போட்டுக்கொண்டான். பூட்டில் நுழைத்துத் திருப்பினதும் குச்சி முறிந்துவிட்டது. முறிந்த துண்டை நான் ஊசியால் நெம்பி எடுத்தேன். அதில் உராய்ந்த தடம் எங்கே இருக்கிறது என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இப்போது இரண்டாவது குச்சி.